எனக்கு ழகரம் எழுத வராது

ஞாயிற்றுக்கிழமை, கடையிலிருந்து

அன்புள்ள ரேடியோவின் அப்பாவுக்கு,

இங்கே நானும் மகளும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். மனசைப் பற்றி எழுதத்தான் இந்தக் கடிதம். உங்கள் இருமல் நின்றதா? முகத்துணி கட்டாமல் வெல்டிங் புகையில் நிற்கிறீர்கள் என்று உங்கள் அறை நண்பர் போனில் போட்டுக்கொடுத்துவிட்டார். தயவுசெய்து கட்டிக்கொள்ளுங்கள்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் நான் பாதி வாக்கியத்தைத் தாண்டியதில்லை. நான் ஆரம்பித்ததை நீங்கள் முடிக்கிறீர்கள். நீங்கள் முடித்தது நான் சொல்ல வந்ததாக இருப்பதில்லை. அப்புறம் இரண்டு பேரும் கத்துகிறோம், லைன் போய்விடுகிறது. முதலாளி சாப்பிடப் போயிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் மூக்குக்கண்ணாடி மாற்ற யாரும் வரமாட்டார்கள். அதனால் நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன். தலைமையாசிரியை உங்களிடம் சொன்னது பாதி, பெற்றோர் கழகத்து மருந்துக்கடைக்காரர் அனுப்பிய படம் கால். மீதிக் காலுக்காக இதைப் படியுங்கள்.

பள்ளிக்கூட கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு கரும்பலகை இருக்கிறது. தினமும் ஒரு பிள்ளை அதில் ஒரு வாக்கியம் எழுத வேண்டும். வருகைப் பதிவேட்டு வரிசைப்படி முறை வரும். வாரத்துக்கு ஒரு தலைப்பைத் தலைமையாசிரியை கொடுப்பார். போன வாரத் தலைப்பு, 'பெற்றோரைப் போற்றுவோம்'. வியாழக்கிழமை நம் மகளின் முறை. எல்லாப் பிள்ளைகளும் எழுதுகிற மாதிரி அவளும் ஒரு வரி எழுதினாள். கொட்டை எழுத்தில், கோடு போட்டதுபோல் நேராக.

"பெற்றோர் தந்த வலியில் நடப்போம்."

எனக்கு இது தெரிந்தது கடையில்தான். அன்றைக்கு முதலில் வந்த ஆள் போனை நீட்டி, "கவர்மென்ட் ஸ்கூல் லட்சணத்தப் பாருங்கக்கா, வழிக்கு வலின்னு எழுதி வச்சிருக்காங்க" என்று சிரித்தார். நானும் அவரோடு சேர்ந்து சிரித்தேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கையெழுத்து தெரிந்ததும் சிரிப்பு போய்விட்டது. அந்த 'ந' கொஞ்சம் சாய்ந்து நிற்பது உங்கள் கையெழுத்திலும் உண்டு.

மத்தியானம் தலைமையாசிரியை கூப்பிட்டு அனுப்பினார். நல்ல மனுஷி, ஆனால் ரொம்பக் களைத்துப் போய்விட்டார். என்னை உட்காரவைத்து, "பிள்ளைங்கள தைரியமா பேச விடுங்கன்னு மேல இருந்து சுற்றறிக்கை வருதும்மா. பெற்றோர் மனசு கோணாம பாத்துக்கங்கன்னும் அதே மேல இருந்துதான் வருது. நான் ரெண்டையும் ஒரே ஃபைல்ல போட்டு வச்சிருக்கேன்" என்றார். பிறகு அவரே ஒரு வழியும் சொன்னார். இது எழுத்துப்பிழை. யாருக்குத்தான் லகரமும் ழகரமும் குழம்புவதில்லை? காலைக் கூட்டத்தில் மகள் எழுந்து நின்று, பிழையாக எழுதிவிட்டேன், மன்னிக்கவும் என்றால் அத்தோடு முடிந்தது. பெற்றோர் கழகமும் அடங்கிவிடும்.

எனக்கு உயிர் வந்தது. காதும் காதும் வைத்த மாதிரி முடித்துவிடலாம் என்று நினைத்தேன். மகளைக் கூப்பிட்டார்கள். அவள் வந்து நின்று, "யாராவது மனசு நொந்திருந்தா மன்னிப்பு கேக்கறேன் டீச்சர். எழுத்துப்பிழைன்னு மட்டும் சொல்லமாட்டேன்" என்றாள். ஏன் என்று கேட்டதற்கு, "அது பிழை இல்லையே" என்றாள். அவ்வளவுதான். எத்தனை தடவை கேட்டாலும் அதே பதில். பிடிவாதம் உங்கள் வீட்டுச் சொத்து, அதை நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

திரும்பி வரும்போது தமிழாசிரியை படிக்கட்டு வரைக்கும் கூடவே வந்தார். யாரும் பக்கத்தில் இல்லை என்று பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "பிழையா இருந்தா 'காட்டிய'ன்னு எழுதியிருப்பாம்மா. பெற்றோர் வழி காட்டுவாங்க. தர்றது வலிதான். 'தந்த'ன்னு யோசிச்சுதான் போட்டிருக்கா." சொல்லிவிட்டு, பெருமைப்படுகிற முகத்தோடு நின்றார். எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது. அவருக்கு நல்ல மாணவி கிடைத்திருக்கிறாள், ஊர் வாயில் விழுவது நாம்தானே.

என்ன வலி என்று நீங்கள் போனில் கேட்டீர்கள். நான் வேளாவேளைக்குப் பணம் அனுப்பவில்லையா, உடம்பைப் பிழிந்து கொடுக்கவில்லையா என்று கேட்டீர்கள். உங்களுக்குத் தெரியாததா? அந்தப் பேச்சுப்போட்டி வீடியோதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம்.

வெளியூர்ச் சம்பாத்தியம் குடும்பத்தைச் சேர்க்கிறதா, பிரிக்கிறதா என்று தலைப்பு. சீட்டுக் குலுக்கிப் போட்டதில் அவளுக்குப் பிரிக்கிறது என்ற பக்கம் வந்தது. "எங்க வீட்ல அப்பா சாயங்காலம் வருவார், சார்ஜ் தீர்ந்ததும் போயிடுவார்" என்று அவள் சொன்னதும் மண்டபமே கைதட்டியது. நானும்தான் தட்டினேன், பொய் சொல்ல மாட்டேன். அது உங்கள் அறைவரைக்கும் வந்து, பத்துப் பேர் சேர்ந்து பார்த்து, அன்றிலிருந்து உங்களைக் கண்டாலே "என்னப்பா, சார்ஜ் இருக்கா?" என்று கேட்கிறார்கள் என்று சொன்னீர்கள். அதைச் சொல்லும்போது உங்கள் குரல் உடைந்ததை நான் மறக்கவில்லை. வீட்டுக் கதையை மேடையேற்ற ஒரு பிள்ளைக்கு உரிமை உண்டா என்று கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். எனக்கும் பதில் தெரியாது. அது உங்கள் கதையும்கூட, அதைச் சொல்லலாமா என்று உங்களை யாரும் கேட்கவில்லை.

ஆனால் அடுத்து நீங்கள் செய்தது என்ன? என் அனுமதி இல்லாமல் என் மகளை எந்த மேடையிலும் ஏற்றக் கூடாது என்று பள்ளிக்கூடத்துக்கு எழுதிப் போட்டீர்கள். அவர்களும் பெற்றோர் விருப்பம் என்று மறுநாளே அவளை அணியிலிருந்து எடுத்துவிட்டார்கள். அடுத்த சுற்றுக்கு அவள் எழுதிவைத்த பேச்சை இன்னொரு பெண் மனப்பாடம் செய்து பேசினாள். நம் மகள் அதைக் கீழே பெஞ்சில் உட்கார்ந்து கேட்டாள். வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை பேசவில்லை. நடை பழகும் முன்னே பேசத் தொடங்கியவள் என்று நீங்கள்தான் அவளுக்கு ரேடியோ என்று பேர் வைத்தீர்கள். மேடை இல்லை என்றான பிறகு அவளுக்கு மிச்சம் இருந்தது அந்தக் கரும்பலகை ஒன்றுதான். அதையும் தடுக்கச் சொல்லிப் பள்ளிக்கூடத்துக்கு எழுத மறந்துவிட்டீர்கள்.

இதில் எனக்குத் தனிக் கோபம் ஒன்று இருக்கிறது. அவள் அப்பா என்று எழுதவில்லை, பெற்றோர் என்று எழுதினாள். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் என்னையும் சேர்த்துவிட்டாள். இரவு சாப்பாடு போடும்போது நான் என்னடி செய்தேன் என்று கேட்டேன். "நீ ஒண்ணும் செய்யலம்மா" என்றாள். அவள் எந்த அர்த்தத்தில் சொன்னாள் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை பெற்றோர் கழகக் கூட்டம் வைத்திருக்கிறார்கள். நீங்கள் சொன்னபடி டி.சி. வாங்கி அவளை விடுதிப் பள்ளியில் சேர்ப்பது என்ற பேச்சைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அங்கே வாரத்துக்கு ஒரு முறைதான் பேசவிடுவார்களாம். ஒரு ஆளைப் போனில் வைத்துக் குடும்பம் நடத்துவதே எனக்குப் பெரும்பாடாக இருக்கிறது, இரண்டு பேர் என்றால் தாங்கமாட்டேன். தலைமையாசிரியையிடம் பேசுவதை நிறுத்திவிட்டு மகளிடம் ஒரு தடவை பேசுங்கள். திட்டவாவது திட்டுங்கள்.

மருந்தை நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி

*

புதன்கிழமை, வீட்டிலிருந்து

அன்புள்ளவருக்கு,

இருமல் குறைந்தது என்று கேட்டு நிம்மதி. இங்கே தண்ணீர்க் குழாய் சரியாகிவிட்டது, வீட்டுக்காரர் வாடகையைப் பற்றி இன்னும் வாய் திறக்கவில்லை, எனக்குக் கண் எரிச்சல் தேவலை. கண்ணாடிக் கடையில் வேலை செய்பவளுக்கே கண்ணாடி போடவேண்டி வந்துவிட்டது, முதலாளி பாதி விலைக்குத் தருகிறார்.

என் முதல் கடிதம் கூட்டம் முடிந்த பிறகுதான் கைக்கு வந்தது என்றீர்கள். தபால்காரரைக் குறை சொல்லி என்ன செய்ய? அந்தக் கூட்டத்தில் நீங்களும் இருந்தீர்கள், தலைமையாசிரியையின் மேசைமேல், ஸ்பீக்கர் போனில். நீங்கள் பேசியது எல்லோருக்கும் கேட்டது. அங்கே மற்றவர்கள் பேசியது உங்களுக்கு எவ்வளவு கேட்டது என்று தெரியாததால் அதையும் எழுதுகிறேன்.

மருந்துக்கடைக்காரரை நீங்கள் உங்கள் பக்கத்து ஆள் என்று நினைக்கிறீர்கள். அவர் கெட்டவர் இல்லை. "என் பொண்ணு ஏழாவது படிக்கறா. வாசல்ல அதப் படிச்சுட்டு வந்து, நீங்களும் எனக்கு வலி குடுக்கறீங்களாப்பான்னு கேக்கறா. நான் என்னன்னு சொல்றது? பள்ளிக்கூடம் என் பிள்ளைக்கு என்ன காட்டுதுன்னு பெத்தவன் கேக்கக் கூடாதா?" என்றார். கேட்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. இனிமேல் பலகையில் எழுதுவதை முந்தின நாளே வீட்டில் காட்டிக் கையெழுத்து வாங்கி வரவேண்டும் என்றார். பின்னால் நின்ற பஸ் டிரைவர் ஒருவர், "சார், என் பையன் வீட்ல வாயத் தொறக்கறதே இல்ல. சுவத்துலயாவது எழுதித் தொலைக்கட்டும், அவன் மனசுல என்னதான் இருக்குன்னு எனக்குத் தெரியட்டும். அதுக்கும் நான் கையெழுத்துப் போட்டா நான் எழுதின மாதிரிதான் இருக்கும்" என்றார். சிலர் சிரித்தார்கள். இரண்டு பேருமே பிள்ளையை நினைத்துத்தான் பேசினார்கள் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் கேட்கக் கேட்கத் தலைவலிதான் மிச்சம்.

அப்போதுதான் மேசைமேலிருந்து உங்கள் குரல் வந்தது. "எழுத்துப்பிழைன்னு சொல்லிட்டா விட்டுடலாம். இல்லன்னா நான் டி.சி. கேக்கறேன். என் பிள்ளைக்கு எது நல்லதுன்னு எனக்குத் தெரியும்." எல்லோரும் போனைப் பார்த்துத் தலையாட்டினார்கள். நீங்கள் அதைப் பார்த்திருக்க முடியாது.

அன்று ராத்திரி அவளிடம் பேசியது நான்தான். எந்த நியாயமும் பேசவில்லை. "எனக்கு முடியலடி, சொல்லிடு" என்றேன். அவ்வளவுதான் என்னிடம் இருந்தது. காலையில் எழுந்து, கடைக்குப் போய், மற்றவர் கண்ணுக்குக் கண்ணாடி பவர் பார்த்துக் கொடுத்து, வந்து சமைத்து, உங்களிடம் கத்தி, அவளிடம் கெஞ்சி, இன்னும் எத்தனை நாள்? அவள் என் தட்டை வாங்கிக் கழுவிவைத்தாள். பிறகு சரி என்றாள்.

திங்கட்கிழமை காலைக் கூட்டத்துக்கு நானும் போயிருந்தேன். பிள்ளைகள் எல்லாம் வரிசையில் நின்றார்கள். அவள் மைக்குக்குப் போனாள். நீங்கள் தடுத்த அந்த மேடைதான், இதற்கு மட்டும் அனுமதி கிடைத்துவிட்டது. "நான் வாசலில் எழுதிய வாக்கியத்தில் எழுத்துப்பிழை. எனக்கு ழகரம் எழுத வராது. மன்னிக்கவும்" என்றாள். ழகரம் என்ற சொல்லை அப்படி அழகாக உச்சரித்தாள், தமிழாசிரியை தலையைக் குனிந்துகொண்டார். எழுத வராது என்ற பேச்சு யாரும் சொல்லிக் கொடுத்தது இல்லை, அவளாகச் சேர்த்தது. எல்லோரும் கைதட்டினார்கள். நல்ல பிள்ளை என்று நீங்கள் செய்தி அனுப்பினீர்கள், அதைக் காட்டினேன். பார்த்தாள். போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

தொல்லை விட்டது என்று நான் நிம்மதியாகத் தூங்கினேன். ஆனால் அது அன்றைக்கு முடியவில்லை. இந்தக் கடிதம் எழுதக் காரணமே அதற்குப் பிறகு நடந்ததுதான்.

அன்றிலிருந்து அவள் ழகரம் எழுதுவதில்லை.

விளையாட்டில்லை. ஒரு இடத்தில்கூட எழுதுவதில்லை. போன வாரம் தமிழாசிரியை அவள் கட்டுரை நோட்டைக் கடைக்கே கொண்டுவந்து காட்டினார். "நேற்று மலை பெய்தது. பலம் விற்பவர் கூடையோடு ஓடி ஒதுங்கினார். பள்ளி ஆண்டு விலா தள்ளிப்போனது." முதலில் எங்கள் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பக்கம் முழுக்கச் சிவப்பு வட்டம். நடை நன்றாக இருக்கிறது, மழையில் நனைந்த கூடை கண்முன்னால் தெரிகிறது, ஆனால் பெய்வது மலை. திருப்பிக்கொண்டே போகப் போகச் சிரிப்பு போய்விட்டது. தமிழ் என்ற சொல்லையே அவள் தமில் என்று எழுதியிருந்தாள். தமிழாசிரியை மூக்கைச் சிந்திக்கொண்டு, "இதுக்கு நான் எப்படிம்மா மார்க்க குறைப்பேன்?" என்று கேட்டார்.

குறைக்கத்தான் வேண்டும். அரசுத் தேர்வு வருகிறது. அந்தத் தாளைத் திருத்தப்போகிறவர் யாரோ, எங்கேயோ. அவருக்கு நம் வீட்டுச் சங்கதி தெரியாது. ழகரத்துக்கு ஒரு மதிப்பெண் என்று வெட்டிக்கொண்டே போனால் அவள் தமிழில் தேறுவதே சந்தேகம். வகுப்பிலேயே நன்றாக எழுதுகிற பெண் அவள்.

சொல்லிப் பார்க்காமல் இல்லை. தமிழாசிரியை கேட்டதற்கு, "நான் மைக்குல சொன்னது உண்மைன்னா எனக்கு எழுத வராதுதானே டீச்சர்? பொய்யின்னா அத யாராவது சொல்லட்டும்" என்றிருக்கிறாள். தலைமையாசிரியை, அது முடிந்துபோன கதை, நீ ஒழுங்காக எழுதம்மா என்றார். "அப்பா சொன்னதால சொன்னேன். அப்பா சொல்லட்டும்" என்று பதில் வந்தது. நான் ஒரு நாள் கோபத்தில் முதுகில் ஒன்று வைத்தேன். கை வலித்ததுதான் மிச்சம். அவள் எதிர்த்துப் பேசவில்லை, முகம் தூக்கவில்லை, சாப்பிடாமல் இல்லை. சொன்ன வேலை எல்லாம் செய்கிறாள். நாம் சொல்லச் சொன்னதைத்தான் அவள் செய்துகொண்டிருக்கிறாள், அதில் குற்றம் கண்டுபிடிக்க எனக்கு வழி இல்லை.

மருந்துக்கடைக்காரர் நேற்று கண்ணாடி மாற்ற வந்தார். அவர் மகளும் இரண்டு நாளாக 'வாலைப்பலம்' என்று எழுதுகிறாளாம். கேட்டால் நம் மகளைச் சொல்லி, அந்த அக்காவுக்கு மட்டும் விட்டுக்கொடுக்கிறீர்களே என்கிறாளாம். "நான் அவ வாய மூடணும்னு கேக்கலம்மா, என்ன எழுதறாங்கன்னு எனக்கும் தெரியணும்னுதான் கேட்டேன்" என்றார். முகம் வாடிப்போயிருந்தது. அவரை உட்காரவைத்து, கண் சோதிக்கும் எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னேன். கடைசி வரி தெரியவில்லை, ஆனாலும் தெரிகிற மாதிரி எதையோ படித்தார். எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். தெரியாத எழுத்தைத் தெரியும் என்று சொல்பவர்களை நான் தினமும் பார்க்கிறேன். தெரிந்த எழுத்தைத் தெரியாது என்று சொல்லவைத்தது நம் வீட்டில்தான்.

நான் உங்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த இதை எழுதவில்லை. அந்தப் பத்துப் பேர் முன்னால் உங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தால் எனக்கும் அவமானமாகத்தான் இருக்கிறது. அவள் பேசியது உங்களைக் குத்தியது. குத்தும் என்று தெரியாத வயதும் இல்லை அவளுக்கு. ஒரு தகப்பன் அதற்குக் கோபப்படலாம், கேள்வி கேட்கலாம், நீ செய்தது சரியில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லலாம். அதை யாரும் உங்களிடமிருந்து பிடுங்கவில்லை. ஆனால் அவளிடம் நீங்கள் இன்றுவரை அதைச் சொல்லவே இல்லை. பள்ளிக்கூடத்துக்குச் சொன்னீர்கள், எனக்குச் சொன்னீர்கள், ஒரு அறை நிறைய ஆட்களுக்குச் சொன்னீர்கள். இப்போது தினமும் போனில் சாப்பிட்டாயா என்று கேட்கிறீர்கள், சாப்பிட்டேன் என்கிறாள். ரேடியோ ஏன் ஓடவில்லை என்று என்னைக் கேட்கிறீர்கள்.

எனக்கு ரொம்ப அலுப்பாக இருக்கிறது. இரண்டு பேருக்கும் நடுவில் செய்தி கொண்டுபோய்க் கொண்டுவந்து, இவள் சொன்னதை அங்கே மெதுவாக்கி, நீங்கள் சொன்னதை இங்கே மெதுவாக்கி, நான் என்ன நினைக்கிறேன் என்பதே எனக்கு மறந்துபோகிறது. கேட்காமலே சொல்கிறேன். அந்தப் பலகையில் அவள் எழுதியதைப் படித்தபோது எனக்கும் வலித்தது, ஆனால் அவள் எழுதியது தெரிந்து எழுதியதுதான். அன்றைக்கே நான் இதைச் சொல்லியிருந்தால் அவள் மைக் முன்னால் நின்றிருக்க வேண்டியதில்லை. நேற்று அவளிடம் சொன்னேன். தலையை நிமிர்த்தி ஒரு தடவை பார்த்தாள். பிறகு, "நீ சொன்னா பாதிதான்மா" என்றாள். பெற்றோர் என்று அவள் எழுதியது இரண்டு பேரையும்தான்.

மீதிப் பாதிக்காகத்தான் உங்களிடம் கேட்கிறேன். எனக்குப் பதில் எழுத வேண்டாம். தலைமையாசிரியைக்கும் எழுத வேண்டாம். அவள் பேருக்கு, உங்கள் கையால், இரண்டு வரி எழுதுங்கள். எவ்வளவு கோபம் இருக்கிறதோ அவ்வளவையும் எழுதுங்கள். என்னை நாலு பேர் முன்னால் தலைகுனிய வைத்துவிட்டாய் என்று எழுதுங்கள். உன்னோடு எனக்குப் பேச்சே இல்லை என்று வேண்டுமானாலும் எழுதுங்கள், அதற்கு அவள் நாலு பக்கம் பதில் எழுதுவாள், எனக்கு அது போதும்.

வேலையிடத்தில் பத்திரமாக இருங்கள். கண்ணுக்கு மறைப்பு போடாமல் நெருப்பைப் பார்க்க வேண்டாம். எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் நல்லபடியாக இருக்க வேண்டும், அதுதான் எனக்கு வேண்டியது. அவளுக்கு எழுதும்போது இந்த ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நீ எழுதியது தப்பு என்று எழுதுங்கள், பரவாயில்லை. தெரியாமல் எழுதிவிட்டாய் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
அவளைப் பெற்றவர்களில் ஒருத்தி